பிலிப் அண்ணை செய்த கதிரை

மானிப்பாய் ஆசுப்பத்திரியில் பிறஷர் குளிசைக்கு வரிசையில் நின்றபோது தொலைபேசி வந்தது. பண்டத்தரிப்பு பிலிப் அண்ணை காலமாகிவிட்டார். குளிசை வாங்காமலே திரும்பிவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. ஆனால் அவர் வெட்டி ஒட்டிக் கட்டிய அந்த வான் வண்டியைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு கார்க் கம்பனியின் விசேட கூடு கட்டும் பகுதியில் அவருக்கு வேலை. முன்பெல்லாம் கம்பனிகள் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் மட்டும் செய்யுமாம். மேற்கூட்டை வெளிப் பட்டறைகள் கட்டும். பிறகு இவருடைய கம்பனி அப்படியொரு பட்டறையை வாங்கித் தன் மதிலுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. பிரபுக்களின் ஊர்வலக் கார், பிரேத வண்டி, கால் இழந்தவர்களுக்கான கார் எல்லாம் அங்கே உருவாயின. வாங்குபவர் வந்து, வெறும் மரச்சட்டத்தில் ஏறி இருந்து பார்த்துச் சரியென்ற பிறகுதான் மிச்ச வேலை. "இருந்து பாக்காத ஆளுக்கு நாங்கள் கதவு போடுறேல்லை" என்பார். இலாபமில்லையென்று அந்தப் பகுதியை மூடிய கதையைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

ஊர் திரும்பிய பிறகு அவர் மனைவி றீற்றா அக்காவைப் பாரிசவாதம் விழுத்தியது. அக்கா பூசைக்குக்கூட வெளியே வர மறுத்தார். அண்ணை பழைய வான் ஒன்றை வாங்கி, வீட்டு வளவிலேயே வெட்டி ஒட்டி, ஏறச் சுகமாகப் பதிவான படியும் றோட்டைப் பார்த்தபடி மகாராணிக் கதிரையும் வைத்தார். அக்காவுக்கு மூச்சும் விடவில்லை. முடித்துவிட்டுத்தான் காட்டவேண்டுமாம். நானும் கூடமாட நின்றேன்.

அக்கா ஏறி இருந்தார். நாங்கள் சிலர் பின்னால் ஏறினோம். "றோட்டைப் பாத்து நான் என்ன செய்ய? பின்னாலை இருக்கிற சனத்தின்ரை முகம் தெரியேல்லை. என்னை இறக்குங்கோ."

அண்ணை அவரைப் பிடித்து இறக்கிவிட்டார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஆரார் பிரபுக்களையோ இருத்திப் பாத்தனான். இவவை இருத்திப் பாக்கேல்லை." பகிடி பண்ண வாயெடுத்த நான் அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அடுத்த நாளே எல்லாவற்றையும் கழற்றினார். இந்தமுறை வெறும் பலகையில் அக்காவை இருத்திக் கேட்டுக் கேட்டுச் செய்தார். கதிரை பின்பக்கம் பார்த்தது. அதைத் திருப்ப அடியில் ஒரு சுழலும் வைத்தார்.

"முன்னுக்கும் திரும்பும். ஒருவேளை மனம் மாறினால்?" என்று கேட்டார் அண்ணை.

"மாறாது" என்றார் அக்கா. மாறவுமில்லை. ஞாயிறு தோறும் றோட்டுக்கு முதுகு காட்டி, எங்களோடு கதைத்துக்கொண்டே கோயிலுக்கு வந்தார்.

அடக்கத்தன்று வானை நான் ஓட்டினேன். முன்னால் பிரேத வண்டி நின்றது. புறப்படும் நேரம் அக்கா சொன்னார்: "தம்பி, கதிரையை முன்னுக்குத் திருப்பிவிடு."

ஒருநாளும் திருப்பாத கதிரை, இறுகிப்போயிருக்கும் என்று பலத்தைக் கூட்டித் தள்ளினேன். சத்தமேயில்லாமல் திரும்பியது. யாரும் பாவிக்காத அந்தச் சுழலுக்கு அண்ணை இவ்வளவு காலமும் எண்ணெய் விட்டுவந்திருக்கிறார்.

அவருடைய எண்ணெய்க் குப்பியை அக்கா என்னிடம் தந்துவிட்டார். இனி நான் விடுவேன்.