கசெட்டில் பேச முடியாதது

என் கணவர் சவூதியில் வேலை செய்கிறார். லீவில் வந்துபோன பின் நான் கர்ப்பமானேன். கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது உடலுறவில் தொற்றும் மேகநோய் எனக்கு இருப்பது தெரிந்தது. தாதி தனியே கூப்பிட்டு, "ஊசி போட்டாப் புள்ளைக்கு ஒண்டும் ஆகாது. ஆனா உங்கட மாப்பிளையும் மருந்தெடுக்கணும், சொல்லுங்க" என்றார்.

எனக்கு எழுதத் தெரியாது. கசெட்டில் பேசித்தான் அனுப்புவேன். அதை அங்கே அவர் அறையில் தங்கியுள்ள எல்லோரும் கேட்பார்கள். "நாங்க சுகம்" என்று மட்டும் பேசினேன். அயலவர் அறியாமல் கல்முனை ஆஸ்பத்திரிக்குத் தனியே பஸ்ஸேறிப் போய் ஊசி போட்டேன். பிள்ளை சுகமாகப் பிறந்தது. அவர் அடுத்த லீவில் வந்தபோதும் நான் அவரிடம் நோயைப் பற்றிச் சொல்லவில்லை. எனக்கு நோய் மறுபடி தொற்றியது.

பிறகு, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய மகளின் கொப்பியில் எழுத்துப் பழகி, முதல் கடிதம் எழுதினேன்: "இரத்தம் சோதிச்சு மருந்தெடுக்காம என்ட ஊட்டுக்கு வராதீங்க." பதிலுக்குக் கசெட்தான் வந்தது. அதில் எல்லோரையும் சுகம் மட்டுமே கேட்டிருந்தார்.

இப்போது நான் கசெட்டில் பேசுவதில்லை. அதே வரியை மாதாமாதம் எழுதி அனுப்புகிறேன்.