ஏரியலுக்குப் பூச்சூட்டிய நாள்

வண்டியில் புதிதாக எந்த மின்கருவியைப் பொருத்தினாலும் அதற்கென்று தனி ஃபியூஸ் இருக்க வேண்டும், அது எரிந்துபோனால் ஏன் எரிந்தது என்று பார்த்த பிறகே வேறொன்று போட வேண்டும் என்பது விதி. அரசாங்க வண்டிகளின் பராமரிப்பைக் கவனித்த என் உத்தியோக காலம் முழுவதும் இதைப் பலருக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மீறினால் என்ன ஆகும் என்பது எனக்கு ஒரு வாசனையாகவே நினைவிருக்கிறது: கருகும் ரப்பரும், கூடவே சந்தனமும் மல்லிகையும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. விழுப்புரத்தில் சித்தப்பா வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த பழைய காரில் பின்பக்க இடது கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். மற்றபடி அது அவருக்குப் புஷ்பக விமானம். அதில் ரேடியோ வைத்தவர், சென்னைக்குப் போய் ஒரு ‘பவர் ஏரியல்’ வாங்கிவந்தார். ரேடியோவைப் போட்டால் மட்கார்டிலிருந்து கம்பி தானாக எழும்பும், அணைத்தால் தானாக உள்ளே போய்விடும். அதை அந்த வாரமே பொருத்த வேண்டும் என்று அவர் துடித்ததற்குக் காரணம், என் அக்காவைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வருபவர்களை அந்த வண்டியில்தான் அழைத்துவர வேண்டியிருந்தது. ஏற்கெனவே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால், பெண்ணைப் பட்டப்படிப்பு படிக்கவைத்ததுதான் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல உறவினர்கள் தயாராக இருந்தார்கள்.

மட்கார்டில் ஓட்டை போட்டு, பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து, சித்தப்பா சோதித்துப் பார்த்தபோது ஃபியூஸ் ‘பட்’டென்று போனது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கிழித்து அதன்மேல் சுற்றினார். “ஃபியூஸுன்னா இன்னாடா? உள்ள இருக்கிறது ஒரு கம்பி. இது தாளு, அவ்ளோதான்” என்றார். கம்பி கம்பீரமாக எழும்பியது. விதி அத்துடன் காலாவதியானது.

மறுநாள் காலை வண்டி புறப்படும்போது அம்மா ஓடிவந்தாள். “புதுச் சாமான், வெறுமனே அனுப்பக் கூடாது” என்று நின்றுகொண்டிருந்த ஏரியலுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, உச்சிக்குக் கீழே ஒரு முழம் மல்லிகையை இறுக்கி முடிபோட்டுக் கட்டினாள். பம்புசெட்டு, தையல் மிஷின், மாவு மிஷின் என்று எங்கள் பக்கத்தில் பூ வைத்துக்கொள்ளாத இயந்திரமே கிடையாது. ஆனால் அவை எதுவும் தலையை உள்ளே இழுத்துக்கொள்பவை அல்ல என்பது யாருக்கும் தோன்றவில்லை, சித்தப்பா உட்பட.

வழியெல்லாம் ரேடியோ அணையாமல் பாட, பூச்சூடிய ஏரியலோடு வண்டி திண்டிவனம் போய்த் திரும்பி எங்கள் வாசலில் நின்றபோது தெருவே வெளியே வந்திருந்தது. முன்னிருக்கையில் மாப்பிள்ளை, பின்னால் அவருடைய அப்பா, தரகர், இடது ஓரத்தில் மடியில் பழத்தட்டோடு மாப்பிள்ளையின் அம்மா. “மாப்ள, எறங்காதீங்க. வேடிக்கையப் பாருங்க” என்று சித்தப்பா ரேடியோவை அணைத்தார். கம்பி இறங்கியது. மல்லிகை முடிச்சு ஓட்டை வாயில் போய்ச் சிக்கியது. மட்கார்டுக்குள் ‘ர்ர்ர்’ என்று மோட்டார் திணற, வெள்ளித்தாள் எரியாமல் உறுதியாக நிற்க, எரிய வேண்டியதற்குப் பதில் கம்பிகள் எரிந்தன. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தது.

“ஐயோ, பத்திக்கிச்சி!”

மாப்பிள்ளை கதவைத் திறந்து ஓடினார். தெருமுனை சைக்கிள் கடையில்தான் நின்றார். அவர் அப்பாவும் தரகரும் வலப்பக்கமாக இறங்கிவிட்டார்கள். அந்த அம்மாள் மட்டும், திறக்காத கைப்பிடியை இழுத்துக்கொண்டு கண்ணாடியைத் தட்டினார்.

பெண் பார்க்கும் முறைப்படி பெண், கூப்பிட்ட பிறகு, காப்பித் தட்டோடு, தலைகுனிந்து வர வேண்டும். அக்கா யாரும் கூப்பிடாமல், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து, கதவைத் திறந்து, அந்த அம்மாளைப் பழத்தட்டோடு வெளியே இழுத்துப்போட்டாள். சித்தப்பா பேட்டரிக் கம்பியைப் பிடுங்கியதும் புகை அடங்கியது, தெரு அடங்கவில்லை. “இவுங்க பொண்ணு பாக்க வந்தாங்களா, பொண்ணு இவுங்கள பாக்க வந்துச்சா?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். வந்தவர்கள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, “போய்ச் சொல்லி அனுப்பறோம்” என்று பஸ்ஸில் திரும்பினார்கள்.

தட்டிப்போயிற்று என்றே நினைத்தோம். ஆனால் அந்த வாரமே தரகர் சிரித்தபடி வந்தார். “சம்மதங்க. அந்தம்மா பொண்ண விடமாட்டேன்றாங்க.”

அம்மா சர்க்கரை எடுக்க எழுந்தாள். அதற்குள் அக்கா வந்து நின்றாள். “நான் ஒன்னு கேக்கணும். அவரு ஓடனது தப்பில்ல. அவங்கம்மா பக்கத்துக் கதவ ஏன் தொறக்கலன்னு கேட்டுச் சொல்லுங்க.”

“இன்னாம்மா இது, பேஜாரா கீது! மாப்ள வூட்ல கேப்பாங்க, நாம பதில் சொல்லுவோம். இத எப்பிடிப் போய்க் கேக்கறது?” என்றார் தரகர். எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “கேட்டுக்கினு வாங்க” என்றார். அக்காகூட அதை எதிர்பார்க்கவில்லை. போன தரகர் திரும்பவில்லை. உறவினர்கள் தீர்ப்பை வழங்கினார்கள். அடுத்த தையில் அக்கா அனந்தபுரத்துக்கு, வேறொரு வீட்டுக்கு, மருமகளாகப் போனாள்.

இன்று கார்க் கூரைகளில் மீன் துடுப்புபோல ஏரியல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை, பூக்கட்ட இடமுமில்லை. தரகர்களின் வேலையைக் கைப்பேசி பார்க்கிறது. பதில் சொல்லாமலே இருந்துவிடும் வசதி அதில் உண்டு. ஆனால் அன்று எங்கள் கேள்விக்கு, நினைவூட்டல் எதுவும் அனுப்பாமலே, பதில் வந்தது. புது மணப்பெண்ணாக அக்கா சீருக்குப் பிறந்த வீடு வந்திருந்தபோது, திண்டிவனத்து அம்மாள் தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

“அவன் பயந்துட்டான்மா. நான் உள்ள இருக்கறதயே மறந்துட்டான். அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு வாயே தொறக்கல, நேத்துதான் சொன்னான். கேட்ட பொண்ணுக்குப் பதில் சொல்லணும் இல்ல?”

அக்கா அன்று காலைதான் மாற்றிக் கட்டிய புதுத் தாலிக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டாள். “இத அப்பவே சொல்லி இருந்தா கட்டிக்கினு இருப்பேங்க” என்றாள். அம்மா பதறிப்போய்த் தெருக்கதவைச் சாத்தினாள்.

அன்று ஆடிப் பதினெட்டு.