சாளரத்தோரம் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம்

அத்தா, எங்கள் தகப்பனார், இறந்த செய்தி வந்தபோது நான் சென்னையில் இருந்தேன். லேப்டாப்பில் வைஃபை சிப்புக்கும் கணினிக்கும் நடுவே நின்று வேலை வாங்கும் டிரைவர் என்ற மென்பொருளை எழுதுவது என் பிழைப்பு. அண்ணன் குவைத்தில் இருந்தான். பாஸ்போர்ட் முதலாளி கையில் இருந்ததால், அன்றைக்கு அவனால் கிளம்பவே முடியாது.

பஸ் பிடித்துக் கூத்தாநல்லூர் போய்ச் சேரும்போது நண்பகல் தாண்டிவிட்டது. குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து கூடத்தில் வைத்திருந்தார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குத் தூக்கியாக வேண்டும். மய்யித்தை, இறந்தவர் உடலை, போட்டோ எடுக்கக் கூடாது என்று அத்தா உயிரோடு இருக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீடியோ காலில் நேரடியாகப் பார்ப்பது வேறு என்று அண்ணன் போனில் கெஞ்சிக் கெஞ்சிப் பெரிய மாமாவிடம் சம்மதம் வாங்கியிருந்தான். பிரவுசிங் சென்டரில் கேமரா முன்னால் உட்கார்ந்து காத்திருந்தான். என் லேப்டாப்பில்தான் கேமரா இருந்தது. பக்கத்து வீட்டு வைஃபை எங்கள் வீட்டில் தெளிவாக எட்டும் ஒரே இடம் உள்ளறைச் சாளரம். அங்கே இணைத்துக்கொண்டால் கூடத்து வாசல்வரை சிக்னல் தாங்கும், அதுவரை எடுத்துப் போவதாகத் திட்டம். அத்தாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, கூடத்துக் கூட்டத்தைத் தாண்டி நேராகச் சாளரத்துக்குப் போனேன்.

பட்டியல் காலியாக இருந்தது. ஒரு நெட்வொர்க்கின் பெயர்கூட இல்லை. லேப்டாப்பின் பக்கவாட்டில் வைஃபை ரேடியோவை அணைக்கும் சின்ன சுவிட்ச் ஒன்று உண்டு. அதன் பிளாஸ்டிக் குமிழ் பஸ் நெரிசலில் உடைந்து, அணைந்த நிலையிலேயே உள்ளே சிக்கிக்கொண்டிருந்தது.

இதை மென்பொருளால் திறக்க முடியுமா என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். மனிதர் கையால் அணைத்த ரேடியோவை மென்பொருள் தானாகத் திறக்கக் கூடாது என்று ஆபீசில் தொண்டை வறளச் சண்டை போட்டவன் நான்தான். அந்தச் சுவிட்சின் கம்பி நேராக ரேடியோவுக்கே போகிறது. டிரைவருக்கு அது அணைந்திருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். எத்தனை கட்டளை தட்டினாலும் பிரயோசனமில்லை. தட்டினேன். தெரிந்தே தட்டினேன்.

“என்னடா ஆச்சு?” என்றான் அண்ணன், போனில்.

“ஒரு நிமிஷம்ண்ணே.”

அம்மாவிடம் சேஃப்டி பின் வாங்கி ஓட்டைக்குள் விட்டு நெம்பினேன். ரேடியோவின் விளக்கு எரிந்தது. நெட்வொர்க் தேடும் ஸ்கேன் தொடங்கியது. ஒவ்வொரு சேனலாகக் கேட்டுக்கொண்டே போகும் அது. பக்கத்து வீட்டுப் பெயர் திரையில் வந்தது! குமிழிலிருந்து பின் நழுவிற்று. விளக்கு அணைந்தது. ரேடியோ அணைந்தால் ஸ்கேனைப் பாதியில் நிறுத்தி, பட்டியலைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். அந்தப் பகுதி நான் எழுதியது. கச்சிதமாக வேலை செய்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

கூடத்திலிருந்து மாமா கூப்பிட்டார். “வா தம்பி, கடைசியா ஒரு தடவ பாத்துக்க. மூடப் போறோம்.”

“ரெண்டு நிமிஷம் மாமா, வந்துருச்சு, இதோ.”

“அஸருக்கு நேரமாச்சுப்பா.”

மறுபடி நெம்பினேன். பின் வளைந்தது. அம்மா இன்னொன்று கொண்டுவந்து கொடுத்தாள், அதுவும் வளைந்தது. கூடத்தில் அழுகை பெரிதாக எழுந்தது. நான் தலை தூக்கவில்லை. எழுந்து ஓடியபோது கஃபனை மூடி முடிச்சுப் போட்டு, தூக்கிப் போகும் சந்தூக்கில் ஏற்றியிருந்தார்கள். போட்ட முடிச்சை அவிழ்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன் காதிலேயே இருந்தது. அண்ணனுக்கு எல்லாச் சத்தமும் கேட்டிருக்க வேண்டும்.

“சரி விடு, நீ என்ன பண்ணுவ” என்றான் பிறகு. “நீயாவது பாத்தியே, அது போதும். முகம் எப்புடிடா இருந்துச்சு?”

“தூங்குற மாதிரி இருந்துச்சுண்ணே” என்றேன்.