டீக்கடைக் குழாயில் நனைத்த தலை

குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த அக்கா மகள் ஈரத் துண்டைக் கொடியில் விரித்தாள். எண்ணெயும் ஈரமும் கலந்த அந்த வாடை இருக்கிறதே, அது என்னை ஒன்பது வயதில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அங்கே ஒரு வேன் டிரைவர் உண்டு. சாரலே இல்லாத நாளிலும் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்று, "அருவி கொட்டுது அண்ணாச்சி, இப்பத்தான் குளிச்சிட்டு வாரேன்" என்று கூவுவான். அப்பா உட்பட எல்லாரும் ஏறுவார்கள். போய்ப் பார்த்தால் காய்ந்த பாறையும் நாலு குரங்கும்தான். சித்தி மட்டும் ஏறமாட்டாள். குற்றாலம் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் துண்டைத் தொட்டுப் பார்ப்பாள்.

"எல்லாத் துண்டும் காஞ்சு கெடக்கு. இவன் டீக்கடைக் குழாயில தலையக் காட்டிட்டு வருதான், வெக்கங்கெட்ட பய!"

"மாமா, இதப் பாத்தியளா?" அக்கா மகள் போனை நீட்டினாள். எங்கள் வார்டுக்குத் தேர்தலில் நிற்கும் டீச்சர் அதிலிருந்த குட்டி வீடியோவில், "குடிதண்ணிக் குழாய அடைச்சிருவேன்" என்கிறார். "நாளைக்கு இவங்களுக்கு ஓட்டுப் போடமாட்டேன்" என்றாள் அக்கா மகள்.

அவளுக்கு அது முதல் ஓட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, முழுப் பேச்சையும் கேட்டியா? காலேஜ்ல என்னத்தப் படிக்க? எந்தக் கூறுகெட்டவன் இத அனுப்பினான்?"

அவள் தேடி எடுத்தாள். "சாக்கடை கலக்குத குடிதண்ணிக் குழாய அடைச்சிருவேன், புதுசு போட்டுத் தருவேன்" என்பதுதான் டீச்சரின் முழுப் பேச்சு.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "காலையில நம்ம குடும்ப குரூப்ல நீங்கதான மாமா போட்டிய?"

பார்க்காமலே நான் குரூப்புக்குத் தள்ளிவிட்டவற்றில் அதுவும் ஒன்று. அந்த டிரைவராவது வேன் கூலிக்காகத் தலையை நனைத்தான். நான் சும்மாவே நனைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.