மலையடி வெளிச்சம்

செஞ்சி துணைமின் நிலையத்தைத் தூரத்திலிருந்தே இயக்கும் கருவிகளைப் பொருத்தப் போனபோது, அங்கே ஆபரேட்டராக இருந்த ஓர் அம்மாவைச் சந்தித்தேன். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கொண்டையில் கனகாம்பரம். அந்தியில் கரண்ட் போய்விட்டால், மறுபடி சுவிட்சைப் போட்ட கையோடு வெளியே ஓடிவந்து கோட்டை மலையடியைப் பார்ப்பார்.

“மீட்டர்லயே தெரியுதேம்மா?” என்றேன்.

“மீட்டர்ல வந்தா போதுமா சார்? ஊர்ல வந்துச்சான்னு பாக்க வேணாமா?”

கேமராவை மாட்டும்போது, “கொஞ்சம் மேல தூக்கி வைங்க சார். அங்க மெட்ராஸ்ல உக்காந்துனு இருக்கறவங்களும் ஊரப் பாக்கட்டும்” என்றார். டிரான்ஸ்பார்மர் மட்டும் தெரிந்தால் போதும் என்று மறுத்துவிட்டேன்.

இப்போது எனக்குச் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். செஞ்சிக்கான திரையில் டிரான்ஸ்பார்மர் பாதிதான் தெரிகிறது. மீதியெல்லாம் மலை, மேகம், அடியில் ஊர். கேமராவை எந்தக் கம்பால் எப்போது மேலே தள்ளினாரோ! சரிசெய்யச் சொல்லி மேலதிகாரி திட்டிக்கொண்டே இருக்கிறார். நான் ஆள் அனுப்பவில்லை.

நேற்று அந்தி மழையில் செஞ்சி இருண்டது. திரையில் மலையும் கரைந்துபோனது. மவுஸைத் தட்டி சுவிட்சைப் போட்டேன். மீட்டரில் எண்கள் ஏறியிருக்கும், நான் பார்க்கவில்லை. மழைக்குள்ளிருந்து மலையடி மெல்ல மினுங்கியது.

“வந்துடுச்சும்மா” என்றேன், வாய்விட்டு.