எனெலெசி பாடாத நன்றி

மலாவியின் தெற்கே ஷிரே ஆற்றங்கரையில் நம்பாலா என்று ஒரு சிற்றூர். அங்கே வாழும் எனெலெசி மூன்று அதிபர்களுக்கு முன்னால் ஆடியவர். அதிபர் வரும்போதெல்லாம் அவர் முகம் அச்சிட்ட துணியைக் கட்சி கொடுக்கும். பெண்கள் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆட வேண்டும். எனெலெசி முதலில் பாடுவார். அவர் பாடிய வரியை மற்றவர்கள் மூன்று முறை அப்படியே திருப்பிப் பாட வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஊருக்கே அவமானம்.

புதிய அதிபர் வருவதாகச் செய்தி வந்தபோது, ஊரின் கைப்பம்பு பழுதாகி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. பெண்கள் ஆற்றில் தண்ணீர் மொண்டார்கள். அந்த மழைக்காலத்தில் லோஸியா என்பவளின் வலது கையை முதலை கொண்டுபோயிற்று. கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை.

வட்டாரக் கட்சித் தலைவர் மவாலே ஒத்திகைக்கு வந்தார். தண்ணீர் தந்த தலைவருக்கு நன்றி என்று பாடச் சொன்னார்.

"தண்ணி எங்கண்ணே வந்துச்சு?" என்றார் எனெலெசி.

"வரும்ல. முன்னாடியே நன்றி சொன்னா வாயா தேஞ்சிடும்?"

"வாய் தேயாதுண்ணே. ஆத்துக்கு நடந்து காலுதான் தேயுது."

கூட்டத்தன்று அதிபர் வழக்கப்படி மேடையிலிருந்து இறங்கிப் பெண்களோடு ஆடினார். எனெலெசி பாடினார்: ஒருவர் பத்தாண்டில் குழாய் என்றார், நம்பினோம், அடுத்தவர் இருபதாண்டு என்றார், நம்பினோம், புதியவரே, லோஸியாவின் கையைப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது என்பதுதான் முறை. நாற்பது பெண்களும் அதை மூன்று முறை பாடினார்கள். அதிபரின் கால்கள் நின்றுவிட்டன.

பிறகு அவர் பேசினார். நாட்டின் இலக்கு வளமான வாழ்வு, இன்னும் நாற்பதாண்டில் வீட்டுக்கு வீடு குழாய் என்றார். அப்போது எனெலெசிக்குத் தொண்ணூற்றெட்டு வயதாகும். கேள்வி கேட்பவர்கள் செத்துப்போயிருக்கும் ஆண்டாகப் பார்த்துத்தான் இலக்கு வைக்கிறார்கள்.

எட்டாம் நாள் ஒரு மெக்கானிக் சைக்கிளில் வந்தார். கைப்பம்பில் தேய்ந்துபோன ரப்பர் வளையம் ஒன்றை மாற்றினார். ஒரு மணி நேர வேலை. அதற்காகத்தான் ஓர் ஊர் இரண்டாண்டு ஆற்றுக்கு நடந்திருக்கிறது.

மவாலே மறுநாளே வந்து, இது அதிபரின் கொடை, அதற்கொரு பாட்டு வேண்டும் என்றார். வாளியை நிரப்பிக்கொண்டிருந்த எனெலெசி திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த மெக்கானிக் பேரு தெரியல. கேட்டுச் சொல்லுங்கண்ணே, பாடுறேன்."

அடுத்த கூட்டத்துக்கு எனெலெசிக்குத் துணி வரவில்லை. லோஸியாவுக்கும் வரவில்லை.