பதினோரு டப்பா சளி

"சார், பதினொண்ணும் பாசிட்டிவ்."

லேப் டெக்னீஷியன் கிரிஜா போனில் இதைச் சொன்னபோது நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டாவது மெதுவடையைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடித்தது அப்படியே நின்றுவிட்டது. என் சர்வீஸில் வடை பாதியில் நின்றது அந்த ஒருமுறைதான்.

காசநோய்ப் பிரிவில் ஃபீல்டு சூப்பர்வைசராக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். இருமுகிறவர்களைத் தேடிப் போவது, டப்பாவில் சளி வாங்கி வந்து லேபில் கொடுப்பது, நோய் இருந்தால் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வைப்பது, இதுதான் வேலை. அரசாங்கம் எனக்கு ஒரு நீளமான பதவிப் பெயர் கொடுத்திருந்தது. மக்கள் அதைச் சுருக்கி 'சளி சார்' ஆக்கிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படி எழுதிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு. என் மனைவி அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள், சண்டை வந்தால் எடுத்துக் காட்ட.

1. இருமல் வகுப்பு

கிளியனூர் பக்கம் ஒரு சின்ன கல் குவாரி. ஒரு கிரஷர், ஒரு கம்ப்ரசர், நாற்பது பேர் வேலை. அங்கே போய், "ரெண்டு வாரமா யாருக்கு இருமல்?" என்று கேட்பது, கல்யாண வீட்டில் யாருக்குப் பசி என்று கேட்பதற்குச் சமம். கல் தூள் பறக்கிற இடத்தில் எல்லோருக்கும் இருமல். "இது தூசி இருமல் சார்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அந்தத் தூசி நெஞ்சில்தான் காசநோய் சுலபமாகக் குடியேறும். அதனால்தான் நாங்களும் அங்கே போகிறோம்.

கேட்டுக் கேட்டு பதினோரு பேர் பட்டியல் எடுத்தேன். மேஸ்திரி ஏழுமலை, கல் உடைக்கும் தெய்வானை, இன்னும் ஒன்பது பேர். ஆளுக்கொரு டப்பா கொடுத்து, "காலைல எழுந்ததும் வாய் கொப்புளிச்சிட்டு, நெஞ்சுலேருந்து இருமிக் குடுங்க" என்றேன்.

மறுநாள் காலை பதினோரு டப்பாவிலும் சுத்தமான எச்சில். எனக்குக் கோபம் வந்தது. "இது எச்சிலு. இத வெச்சி கவர்தான் ஒட்டலாம்" என்று எல்லாவற்றையும் திருப்பிவிட்டேன்.

"வரல சார்" என்றாள் தெய்வானை.

"வராம எங்க போவும்? இப்டி இருமணும்" என்று செய்து காட்டினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்து காட்டுகிற இருமல் அது. அன்று கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். மூச்சு திணறி, கண்ணாடி கழன்று ஜல்லிக் குவியலில் விழுந்து, நானும் அதன் பின்னாலேயே உட்கார்ந்தேன். இரண்டு பேர் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். கிரஷரையே ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். "நாளைக்கு எனக்கு அசல் சளி வேணும்" என்று தரையிலிருந்தபடியே உத்தரவு போட்டேன்.

மறுநாள் பதினோரு டப்பாவும் தயார். கெட்டியான, மஞ்சள் நிறத்தில், பாடப் புத்தகத்தில் படம் போடலாம் போன்ற சளி. வண்டியில் கட்டிக்கொண்டு வரும்போது வழியெல்லாம் எனக்கு நானே பாராட்டு விழா நடத்திக்கொண்டேன்.

2. ஸ்பீக்கர் போன்

அன்று சாயந்தரம்தான் வடையை நிறுத்திய அந்த போன்.

"மெஷின்ல கோளாறா இருக்கப்போவுதும்மா" என்றேன்.

"ரிசல்ட்டு தெரிஞ்ச சாம்பிள வெச்சி கன்ட்ரோல் ஓட்டிப் பாத்துட்டேன் சார். மெஷின் நல்லாத்தான் இருக்குது. ஒருத்தருக்குக் கிருமி கம்மியா இருக்கும், ஒருத்தருக்கு அதிகமா இருக்கும். இது பதினொண்ணும் ஒரே அச்சுல வார்த்த வெல்லம் மாதிரி இருக்குது. தப்பு உங்க பக்கம் எங்கயாச்சும் இருக்கான்னு பாருங்க."

நான் பார்க்கவில்லை. உடனே மேஸ்திரிக்கு போன் போட்டேன். ரிசல்ட்டை அவரவரிடம் தனியாகத்தான் சொல்ல வேண்டும், அது விதி. நானே பல பேருக்கு வகுப்பெடுத்த விதி. கிரஷர் சத்தத்தில் ஏழுமலை போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. "மேஸ்திரி, பதினோரு பேருக்கும் டிபி. நீங்களும் அதுல ஒருத்தரு. நாளைக்கு யாரும் வெளில போவாதீங்க" என்றேன். குவாரி முழுக்கக் கேட்டது.

மறுநாள் காலை எங்கள் டாக்டரம்மா கேட்டார்: "பதினொண்ணுக்குப் பதினொண்ணா? உங்க சர்வீஸ்ல இப்படிப் பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"அப்புறம் ஏன் சிரிச்ச முகமா நிக்கிறீங்க? எக்ஸ்ரே பெட்டிய எடுத்துக்கினு போங்க. படத்தப் பாக்காம ஒரு மாத்திரகூடக் குடுக்காதீங்க."

3. ரொப்பினது யார்

கையில் தூக்கிப் போகிற எக்ஸ்ரே பெட்டி அது. குவாரி ஷெட்டிலேயே பதினோரு நெஞ்சையும் படம் எடுத்தோம். ஒன்றிரண்டில் தூசித் தடம். மற்றபடி எல்லாம் சுத்தம். சளியில் அவ்வளவு கிருமி, நெஞ்சில் ஒன்றுமில்லை.

தெய்வானைதான் வாயைத் திறந்தாள். "சார், திட்டக் கூடாது. அன்னிக்கி நீங்க இருமி இருமி உயிர வுட்டீங்க. இந்த ஆளு நமக்காவ செத்துடுவாரு போலருக்கேன்னு பாவமாப் போச்சு. எங்களுக்கு நெஞ்சுலேருந்து வரல. கலியனுக்குத்தான் நல்லா வரும். பதினோரு டப்பாவையும் அவன்கிட்ட குடுத்துட்டேன். பாவம், காலைல குந்திக்கினு அவன்தான் ரொப்பினான்."

"கலியன் யாரு? என் லிஸ்ட்டுல இல்லியே?"

"ட்ரில்லு போடறவன் சார். நீங்க பேர் எழுதறப்ப மேல பாறைல நின்னுக்கினு இருந்தானே, இருமலே இல்லன்னு."

"எங்க அவன்?"

"நேத்து உங்க போன் வந்ததும் துணிமணிய எடுத்துக்கினு கெளம்பிட்டான்."

இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. பதினோரு டப்பாவும் தன்னுடையது என்று கலியனுக்குத் தெரியும். ஆகவே என் ரிசல்ட்டைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். நோயில்லாத பதினோரு பேர் என் எதிரே மாத்திரைக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நோயுள்ளவன் எங்கோ ஓடிவிட்டான்.

"பிரம்மதேசத்துல மாமியார் ஊடு. பொண்டாட்டி புள்ள அங்கதான்" என்றாள் தெய்வானை.

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்தார். "போனது போனதாவே இருக்கட்டும் சார். நோய்க்காரன வெச்சிக்கினா மத்தவன்லாம் ஓடிடுவான். பேஜாரு."

"நேத்து சாயந்தரத்துலேருந்து இந்த நிமிசம் வரைக்கும் நீங்க பாசிட்டிவ்வுதான் மேஸ்திரி. உங்கள யாருன்னா வேலைய வுட்டு அனுப்பினாங்களா?"

தெய்வானை முந்திக்கொண்டாள். "யாரு அனுப்பறது? ராத்திரி பூரா அழுதாரு சார். எங்க ஊட்டுக்காரருதான் கஞ்சி கொண்டும்போயி குடிக்க வெச்சாரு."

"ஏய், அதெல்லாம் இப்ப ஒன்ன யாரு கேட்டா?" என்று அதட்டிவிட்டு, மேஸ்திரி தன் வண்டிச் சாவியைத் தேடினார். "நீங்க மட்டும் போனா வர மாட்டான் சார். நானும் வர்றேன்."

4. பிரம்மதேசம்

வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் கலியன் இருந்தான். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று வாசற்படியிலிருந்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவன் கையசைத்து அங்கேயே இருக்கச் சொன்னான். எங்களுக்கு ஒரு சாக்கை விரித்துப் போட்டுவிட்டு, தான் நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

"பதினோரு டப்பா ரொப்பினியே, உன் பேருல ஒண்ணு குடுத்திருக்கக் கூடாதா?" என்றேன்.

"எம்பேருல வந்தா வேல பூடும் சார். ஆனா இருக்குதா இல்லியான்னு தெரிஞ்சிக்கணும்னு இருந்துச்சு. தெய்வானக்கா வந்து கேட்டுச்சு. சரி, யார் பேருலயாச்சும் தெரிஞ்சிடும்னு ரொப்பினேன்."

"அதுக்கு ஒண்ணு போதாதா?"

"ஒருத்தருக்குக் குடுத்து ஒருத்தருக்கு இல்லன்னா நல்லாவா இருக்கும் சார்?"

நான் நீட்டிய மாஸ்க்கை அவன் மாட்டிக்கொண்டதும், மேஸ்திரி எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டேய், என் டப்பாவையும் நீதான ரொப்பின? எம்பேருலதான ஒனக்கு வந்துகீது? அப்ப பாதி நோவு என்னுது. மாத்திரய சாப்புடு. டாக்டரு எப்ப சொல்றாங்களோ அப்ப வா. ட்ரில்லு வாணாம், தூளு இல்லாத எடமா பாத்து வுடறேன்."

கலியன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. இருமலா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் இருமல் பார்த்தவன் நான்.

அவன் பேரில் ஒரு டப்பா நீட்டினேன். "இன்னுமா சார்?" என்று சிரித்தான். வாங்கிக்கொண்டு போனான்.

அன்றே அவன் பேரிலும் பாசிட்டிவ் வந்தது, மாத்திரைக்கு ஏற்பாடு செய்தோம். குழந்தையையும் வீட்டாரையும் பரிசோதித்து, குழந்தைக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தோம். கலியன் ஆறு மாதமும் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டான். இப்போது குவாரி கேட்டில் டிப்பர் லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கிறான். மற்ற பதினோரு பேரிடமும் மறுபடி கேட்டேன். நாலு பேருக்குத்தான் சளி வந்தது, அதில் நோய் இல்லை. மிச்சப் பேருக்கு 'சளி வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை முதல் நாளே எழுதியிருக்கலாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவர் சளி வரவில்லை என்றால் அதையும் ஒரு பதிலாக எழுதிக்கொள்ளுங்கள். இருமிக் காட்டுங்கள், ஆனால் அளவோடு. டப்பா நிரம்பும்போது பக்கத்தில் நில்லுங்கள், காற்று வரும் திசை பார்த்து. எல்லாம் முடிந்ததும் பேர் கொடுக்காமல் தூரத்துப் பாறையில் நிற்கிறவன் யார் என்று பார்த்து, அங்கே ஏறிப் போங்கள். தனக்கு என்னவென்று தெரிந்துகொள்ள அவனும் ஆசைப்படுவான். பயம் ஆசையைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான்.